மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே நெட்வொர்க்

எங்கள் வீட்டில் கீழே ஒரு டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர். மாடியில் ஒரு டெஸ்க்டாப், இரண்டு லேப்டாப். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் வாசல் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார், கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் எட்டவில்லை. இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியதும் மாடியில் நெட் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து பிரிண்டரைத் தேடினால் காட்டவே இல்லை, கீழேயிருந்து மாடி டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டரையும் திறக்க முடியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் புரிந்தது.

மோடம் என்று நாம் சொல்லும் அந்த ஃபைபர் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரவுட்டர்தான். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்று முகவரி கொடுப்பது அதன் வேலை, அதற்கு டிஎச்சிபி என்று பெயர். வாங்கி வந்த ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வருவதற்கான துளையில், கேபிளைச் செருகினால் அதுவும் தன் பங்குக்குத் தனியாக முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும், அதாவது வீட்டுக்குள்ளேயே இன்னொரு காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது மாதிரி. ஒரு வீட்டில் முகவரி கொடுக்கும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, எப்படிச் செய்வது? புது ரவுட்டரை முதலில் ஒரு லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் திறங்கள். முகவரி கொடுக்காமல் நெட்டை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெட்டியே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால், ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் புது ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்து, அந்தப் புது முகவரியில் மறுபடி உள்ளே போய், கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள், வேன் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். ஃபைபர் பெட்டியில் டிஎச்சிபி கொடுக்கும் முகவரியின் கடைசி எண்ணை 50 முதல் 200 வரை என்று வைத்துவிட்டால் 50க்குக் கீழே உள்ள எண்கள் நம் கைக்கு மிஞ்சும், எதுவும் மோதாது.

இரண்டு பெட்டியிலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள், பட்டனை அழுத்தியோ பின் எண் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வேண்டாம், பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேபிளில் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு வைஃபை எதற்கு, கேபிளே போடுங்கள். கேட் 6 (Cat 6) ரக நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிளும் கடையில் கிடைக்கிறது, அது சட்டென்று ஒடியும். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாமல் தனி பைப் கேளுங்கள். இழுத்து முடித்ததும் விண்டோஸில் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள்: 1000 எம்பிபிஎஸ் வர வேண்டும். ரவுட்டர், கம்ப்யூட்டர் இரண்டின் போர்ட்டும் கிகாபிட்டாக, அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்குவதாக, இருந்தும் 100 என்று காட்டினால் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை, 100க்கு நாலு கம்பியே போதும் என்பதால் நெட் வந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டரை அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப்) பெரும்பாலும் சரியாகிவிடும். போர்ட் போதவில்லையா, ஒரு கேபிளைப் பல போர்ட்டாகப் பிரித்துத் தரும் ஐந்து போர்ட் கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கிச் செருகுங்கள், அதில் செட்டிங் எதுவும் இல்லை.

இரண்டு பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கீழே இருக்கும் பெட்டி அணைந்தால் மாடியிலும் நெட் நின்றுவிடும்.

கடைசியாகப் பகிர்வு. ஃபைபர் பெட்டியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் பிரிண்டருக்கு 192.168.1.60, கீழ் டெஸ்க்டாப்புக்கு 192.168.1.61 என்று நிலையாகக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முகவரி மாறும்போதெல்லாம் பிரிண்டர் ஆஃப்லைன் என்று வந்து நிற்கும். எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் வகையை பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக் என்று இருந்தால் ஃபயர்வால் பகிர்வைத் தடுத்துவிடும். முழு டிரைவையும் திறந்துவிடாமல் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்து, பாஸ்வேர்டுள்ள ஒரு யூசருக்கு அனுமதி கொடுங்கள். மாடியில் உட்கார்ந்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.61 என்று அடித்து, அந்த யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் கீழே இருக்கும் ஃபோல்டர் திறக்கும்.