பெட்ரோல் பங்கில் காசு மிச்சம் பிடிக்க

“நூறுக்குப் போடாதே, நூத்திப்பத்துக்குப் போடு, ரவுண்டா கேட்டா ஏமாத்திடுவாங்க” என்று பங்க் வரிசையில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதில் சாரம் இல்லை. நீங்கள் ரூபாய்க் கணக்கில் கேட்டாலும் மெஷின் அளப்பது லிட்டரைத்தான். அளவில் கை வைத்திருந்தால் நூற்றுப்பத்திலும் குறையத்தான் செய்யும். விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் அதே ரகம். பெட்ரோல் இருப்பது நிலத்தடி டேங்கில். பகலுக்கும் இரவுக்கும் அங்கே சூடு பெரிதாக மாறுவதில்லை.

காசு பறிபோவது பெரும்பாலும் டிஸ்ப்ளே முன்னால்தான். காரில் உட்கார்ந்தபடி கண்ணாடியை மட்டும் இறக்கிப் பேசாதீர்கள், இறங்கி மெஷின் பக்கம் நில்லுங்கள். டிஸ்ப்ளேயில் மூன்று வரிசை இருக்கும்: தொகை, லிட்டர், ஒரு லிட்டர் விலை. பெட்ரோல் ஊற்றும் பிஸ்டலை (குழாய் முனையை) எடுத்ததும் தொகையும் லிட்டரும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பெரிய எழுத்தில் ஓடும் தொகையைப் பார்த்தே பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். லிட்டரையும் பாருங்கள். விலை 101 ரூபாய் என்றால் 500 ரூபாய்க்கு 4.95 லிட்டர் வர வேண்டும்.

வழக்கமான தில்லுமுல்லு இப்படி நடக்கும். நீங்கள் 500 கேட்கிறீர்கள். “இருநூறுன்னு காதுல விழுந்துச்சு சார்” என்று 200-ல் நிறுத்துவார். மீதி 300-ஐப் பூஜ்யத்திலிருந்து போட வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து கார்டா, கேஷா என்று பேச்சுக் கொடுப்பார். நீங்கள் திரும்புவதற்குள் பழைய 200-லிருந்தே ஓடி 300-ல் நின்றிருக்கும். 500 கொடுத்து 300-க்கு வாங்கிய கதைதான். நடுவில் நிறுத்தினால் அதுவரை போட்டதற்குத் தனி பில் வாங்கிவிட்டு, மீண்டும் பூஜ்யம் பார்த்துத் தொடரச் சொல்லுங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கலனில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை ஒருமுறை பெட்ரோலால் நனைத்து, நன்றாக வடித்துவிட்டு, சமதளத்தில் வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த கலனில் நேரடியாகப் பிடித்தால் சுவரில் ஒட்டுவதும் சேர்ந்து அளவு குறைவாகக் காட்டும், வீண் தகராறு. மெஷினில் ரூபாயாக இல்லாமல் சரியாக 5 லிட்டர் என்று அழுத்தி, முழு வேகத்தில் பிடிக்க வேண்டும். நுரை அடங்கியதும் கழுத்தில் உள்ள கோட்டைப் பாருங்கள். 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம், அது சட்டம் அனுமதித்த வித்தியாசம். பிடித்த பெட்ரோல் பங்க் டேங்குக்கே திரும்பப் போகும், நீங்கள் காசு கொடுக்க வேண்டாம்.

கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் பேப்பர். பிஸ்டல் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிடும். லேசான இளஞ்சிவப்பு தங்கினால் பயப்பட வேண்டாம், அது பெட்ரோலில் சேர்க்கும் சாயம். எண்ணெய்ப் பிசுக்காகக் கறை நின்றால்தான் பிரச்சினை.

டேங்க் நிரம்பி பிஸ்டல் தானே கட் ஆன பிறகும் ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் விடுவது வேண்டாத செலவு. டேங்கில் ஆவிக்கென்று விட்ட இடம் அது. அங்கும் பெட்ரோல் ஏறினால் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டருக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். மேனுவலில் 37 லிட்டர் என்று போட்ட காரில் 39 லிட்டர் ஏறிவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதில் எழுதியிருப்பது முழுக் கொள்ளளவு அல்ல, கழுத்துவரை நிரப்பினால் கூடுதலாகவே பிடிக்கும்.

ஊர் மாறினால் விலையும் மாறும், காரணம் மாநில வரி. தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் மலிவு, கேரளாவிலும் ஆந்திராவிலும் அதிகம். கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர் வாளையாறு தாண்டும் முன் நிரப்பிக்கொள்வது லாபம். மலிவு என்பதற்காகவே வண்டியை விடுவது வேறு கணக்கு. லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு, 30 லிட்டர் பிடிக்கும் என்றால் மிச்சம் 150. அதற்காகப் போக வர 20 கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், 15 கிலோமீட்டர் மைலேஜ் தரும் கார் ஏறக்குறைய 135 ரூபாய் பெட்ரோலைக் குடித்துவிடும். போகிற வழியில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

கிரெடிட் கார்டில் பெரும்பாலும் 1 சதவீத சர்சார்ஜும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் விழும். 2000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு. சர்சார்ஜ் தள்ளுபடி உள்ள கார்டில் 20 திரும்பி வரும்; ஜிஎஸ்டி பொதுவாகத் திரும்பி வராது. தள்ளுபடிக்குக் குறைந்தபட்சத் தொகை இருப்பதால், பைக்குக்கு 200, 300 என்று போடுகிறவருக்கு அது கிடைக்காமலே போகலாம். அவர்களுக்கு வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ போதும்.

விலை கூட்டி விற்கும் பிரீமியம் பெட்ரோல், மேனுவல் கேட்காத வண்டிக்கு வீண். சாதாரண பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் பழைய வண்டியில் மைலேஜ் சற்று இறங்கும்; அதைப் பங்க்காரர் தலையில் கட்டக் கூடாது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஆகவே கனமழையில் வளாகத்தில் தண்ணீர் தேங்கிய பங்க்கைத் தவிர்த்துவிடுங்கள்.

உண்மையில் குறைகிறதா என்று தெரிய ஒரே பங்கில், ஒரே மெஷினில், ஆட்டோ கட் வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஏறிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று நிரப்பலுக்குப் பார்த்துவிட்டு, வேறு பங்கிலும் அதேபோல் மூன்று முறை போட்டு ஒப்பிடுங்கள். ஒரு தடவைக் கணக்கை நம்பக் கூடாது, டிராஃபிக்கும் டயர் காற்றும் கூட அதை மாற்றும்.

ஐந்து லிட்டர் சோதனையில் 25 மில்லிக்கு மேல் குறைந்தாலோ, சோதிக்கவே மறுத்தாலோ, மெஷின் எண், நேரம், பில் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தமிழ்நாட்டில் எடையளவு விவகாரம் தொழிலாளர் துறையின் கீழ் வருவதால், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம்.