சுண்டெலி நுழைந்த வழி

பிசான நெல் அறுவடை முடிந்த பங்குனியில், அம்பாசமுத்திரம் பக்கத்து எங்கள் வீட்டு அடுக்களையில் சீரக அளவில் கறுப்பாக எச்சம் கிடந்தது. சுண்டெலிதான், அரிசிப் பையின் மூலையும் கடிபட்டிருந்தது.

பசை அட்டை வைத்தேன். பல்லிதான் ஒட்டியது. கூண்டில் கருவாடு மாட்டி அடுக்களை நடுவே வைத்தேன். நான்கு இரவும் காலி. விஷம் மட்டும் வேண்டாம், எங்காவது செத்து நாறும் என்றார்கள் அம்மா. அது நியாயம்.

ஐந்தாம் நாள் தவிட்டு டின்னை நகர்த்தியபோது கண்டேன். தொட்டிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில், ஓட்டையின் ஒரு விளிம்பில் மட்டும் எண்ணெய்க் கை பட்டதுபோல் கருமினுக்கம். எலி உடம்பு உரசி உரசிப் படிந்த கறை அது. என் சுண்டுவிரல்கூட அந்த இடுக்கில் நுழையவில்லை. ஆனால் பென்சில் பருமன், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலிக்குப் போதும்.

எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். கூண்டை அந்தச் சுவரோரம் வைத்து, வறுத்த நிலக்கடலையை நசுக்கிக் கொக்கியில் அப்பினேன். மூன்று இரவில் மூன்று சிக்கின. மறுநாள் தரையில் மாவு தூவிப் பார்த்தேன், தடமே இல்லை. பிறகுதான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இடுக்கில் இறுகத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். நார் இல்லாமல் பூசினால் ஈரம் காயும் முன்பே தோண்டிவிடும்.

பதினைந்து நாளாக எச்சம் இல்லை. பெரிய நிம்மதி.