ஹைப்ரிட் காரின் சைலன்சர் வெப்பத்தை மின்சாரமாக்குவது எப்படி?

பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. டொயோட்டா 2009ஆம் ஆண்டு ப்ரியஸ் காரில் அந்த வெப்பத்தால் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தைச் சூடாக்கி, எஞ்சின் சீக்கிரம் அணைந்து கார் பேட்டரியில் ஓட வழி செய்தது. குளிர்நாட்டுக்கு அது நல்ல உபாயம். விடியற்காலையிலேயே வியர்க்கும் சென்னையில் கூலன்ட் தானாகவே விரைவில் சூடேறிவிடுவதால், வெப்பத்தை மின்சாரமாக்கும் வழியே நமக்குப் பொருந்தும்.

முதலில் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய எஞ்சினையும் சைலன்சரையும் மேடையில் பொருத்திச் சோதியுங்கள். ஓடும் காரை மாற்றியமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது, உத்தரவாதமும் போய்விடக்கூடும்.

ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் தரும் வெப்ப மின் தகடுகளை, புகை நச்சைக் குறைக்கும் வினையூக்கிக்குப் பின்னால்தான் பொருத்த வேண்டும். முன்னால் பொருத்தினால் வினையூக்கி வேலை செய்யத் தேவையான சூடு கிடைக்காமல் புகை நச்சு கூடும். தகடு வாங்கும்போது கவனம் தேவை. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பெல்டியர் தகடுகள் குளிர்விப்பதற்கானவை. அவற்றில் பலவற்றின் ஈயப்பற்று 138 டிகிரியிலேயே உருகிவிடும். என் முதல் தகட்டில், கால் மணி நேரத்துக்குள் சிவப்புக் கம்பி கழன்று கையோடு வந்துவிட்டது. மின் உற்பத்திக்கென்றே செய்யப்பட்ட பிஸ்மத் டெல்லூரைடு தகடுகளைக் கேட்டு வாங்குங்கள். சூடான பக்கம் 250 டிகிரியைத் தாண்டாதபடி புகைக்கு ஒரு மாற்றுவழியும் வால்வும் அமையுங்கள்.

உண்மையான சிக்கல் குளிர்ந்த பக்கத்தில் இருக்கிறது. கிடைக்கும் வாட், இரு பக்க வெப்ப வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 200 டிகிரி வேறுபாடு 100 ஆகக் குறைந்தால் மின்சாரம் கால் பங்காகிவிடும். மே மாதத்தில், தார்ச்சாலையின் அனல் அடிக்கும் வண்டியின் அடிப்பாகத்தில் அலுமினியத் துடுப்புகளை மட்டும் நம்ப முடியாது. தனியாக ஒரு சிறு ரேடியேட்டரும் பம்பும் வைத்து, பம்பு தின்னும் வாட்டைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை, வோல்ட்டைச் சரிசெய்யும் டிசி மாற்றி வழியே 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால், காரை ஓட்டும் பெரிய பேட்டரியின் சுமை குறையும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது.

நிகரமாக 200 வாட் கிடைத்தால், இரண்டரை மணி நேர வேலூர்ப் பயணத்தில் அரை யூனிட் சேரும். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் வண்டி அதில் மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். அண்ணா சாலை சிக்னல்களில் எஞ்சினே அணைந்து அணைந்து ஓடுவதால், அங்கே இதில் பெரிதாக ஒன்றும் தேறாது.