கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றிய கதை

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருந்தேன். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. மேல்நிலைத் தொட்டியும் காலி. முந்தின மாலையே நிரப்பி வால்வை அடைத்திருக்க வேண்டும். அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் வாடகை ஜெனரேட்டர் வந்தது. நீர்மூழ்கி மோட்டார் ஓடியது, ஆனால் தொட்டியில் விழுந்தது விரல் தடிமன் தண்ணீர்தான். மோட்டார் போச்சு என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தேன்: ஃபேஸ் வரிசை, அதாவது மூன்று மின் ஒயர்களின் வரிசை, மாறியிருந்தது, அதனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. ஜெனரேட்டரை நிறுத்தி, மூன்று ஒயரில் இரண்டை மட்டும் இடம் மாற்றினேன். அவ்வளவுதான், குழாய் குபுகுபுவெனக் கொட்டியது. கீழே தெருவில் குடங்கள் நகரும் சத்தம் மேலே நின்ற எனக்குக் கேட்டது.

அப்புறம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றினேன். கடைசித் தெருக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) காட்டிய பிறகே குடிக்கச் சொன்னேன்.

இப்போது பம்ப் அறையில், லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறது. வரிசை மறுபடி மாறாமல் இருக்க ஜெனரேட்டர் ஒயர்களில் சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.