டெக்சாஸில் இன்சூரன்ஸ் இல்லாதவர்களை எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

டெக்சாஸில் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் எத்தனை பேர்? 2023-இல் நூற்றுக்கு 16.4 பேர் என்கிறது அமெரிக்க சென்சஸ் துறையின் ஏசிஎஸ் சர்வே. நாட்டிலேயே இதுதான் அதிகம். அதே ஆண்டு மாசசூசெட்ஸில் 2.6 தான். இந்த எண்ணை வைத்து கட்டுரையோ புராஜெக்ட் ரிப்போர்ட்டோ எழுத உட்காருகிறவர்கள் பல நேரம் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

நான் செய்தது இதுதான்: ஒரு வருடத்துக்கு ஏசிஎஸ் எண்ணையும் அடுத்த வருடத்துக்கு சென்சஸ் துறையின் இன்னொரு சர்வேயான சிபிஎஸ்ஸின் எண்ணையும் எடுத்து, நடுவில் கோடு போட்டு, குறைந்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். இரண்டும் சென்சஸ் துறை வெளியிடுவதுதானே என்ற நினைப்பு. ஆனால் கேள்வியே வேறு. ஏசிஎஸ் ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும், இன்றைக்கு உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று. சிபிஎஸ் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வந்து போன வருடத்தைப் பற்றி விசாரிக்கும். போன வருடம் முழுக்க, ஒரு நாளுக்குக்கூட இன்சூரன்ஸ் இருந்திராதவர்தான் அதன் கணக்கில் 'இல்லாதவர்'. ஜூனில் வேலை போய், அதோடு இன்சூரன்ஸும் போய், அக்டோபரில் புது வேலை கிடைத்த ஒரு வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஏசிஎஸ் கேட்டால் அவர் இல்லாதவர். அடுத்த மார்ச்சில் சிபிஎஸ் கேட்டால் இருப்பவர். 2023-க்கு நாடு முழுவதற்குமான இரண்டு எண்களும் 7.9, 8.0 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது வேறு குழப்பம். அதை வைத்து இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று நம்பிவிடாதீர்கள்.

வயதையும் பாருங்கள். 65 தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் மெடிக்கேர் என்ற முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ் உண்டு, அவர்களையும் சேர்த்து வகுத்தால் சதவீதம் இறங்கிவிடும். ஒருவர் மொத்த மக்கள்தொகையிலும் இன்னொருவர் 19 முதல் 64 வயது வரையிலும் எடுத்த எண்களை ஒப்பிடுவது வெட்டி வேலை.

அதிகம் ஏமாற்றுவது 'இருக்கிறது', 'இல்லை' என்ற பதில்தான். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), கவுண்டி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் பார்த்துக்கொள்ள ஏழைகளுக்கு ஓர் உதவித் திட்டம் உண்டு. அந்த அட்டையை ஜனங்கள் கோல்டு கார்டு என்பார்கள். அது இன்சூரன்ஸ் இல்லை. அடுத்த கவுண்டியில் போய் நீட்டினால் செல்லாது. ஆனால் வாசலில் நின்று "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால் அட்டை வைத்திருப்பவர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அவரைக் குறை சொல்ல முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. குழந்தைக்கு இருப்பது மெடிக்கெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ். ஆனால் அதை நடத்துவது தனியார் கம்பெனி, அட்டையில் பெரிதாக இருப்பது அந்தக் கம்பெனியின் பெயர். அம்மா தனியார் இன்சூரன்ஸ் என்பார். மெடிக்கெய்டில் இருக்கிறோம் என்பதே தெரியாதவர்களும் உண்டு, குறிப்பாக 2020 மார்ச்சிலிருந்து 2023 மார்ச் வரை, கொரோனா கால விதியால் யாரையும் எளிதில் நீக்க முடியாமல் இருந்தபோது. சர்வேயில் வரும் மெடிக்கெய்ட் எண்ணிக்கை மாநிலப் பதிவேட்டில் இருப்பதைவிடக் குறைவாகவே வருவதற்கு இதெல்லாம் காரணம். நீங்களே சர்வே நடத்தினால், "அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சர்வே எதற்கு, மருத்துவமனை டேட்டாவே போதும் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்து மத்தியச் சட்டம் இருக்கிறது, அதனால் இன்சூரன்ஸ் இல்லாத நோயாளிகள் அங்கே வருகிறார்கள், சரி. ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே. அப்புறம், பில்லில் 'செல்ஃப் பே' (தன் கையிலிருந்து கட்டுபவர்) என்று இருப்பவரெல்லாம் இன்சூரன்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். சிலருக்குப் பின்னால் மெடிக்கெய்ட் கிடைத்து, முந்தைய பில்லையும் அதுவே கட்டிவிடும்.

254 கவுண்டிக்கும் தனித்தனியாக எண் வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஏசிஎஸ்ஸின் ஓராண்டுக் கணக்கு 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு வராது. 2020 சென்சஸில் லவிங் கவுண்டியில் இருந்ததே 64 பேர்! அங்கே சென்சஸ் துறை ஒவ்வொரு கவுண்டிக்கும் போடும் இன்சூரன்ஸ் மதிப்பீடான சாஹி கைகொடுக்கும். ஆனால் சாஹி ஒரு மாடல். வரித் தாக்கல், மெடிக்கெய்ட் பதிவு, உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை இவற்றையெல்லாம் போட்டுத்தான் அந்த எண்ணைச் சமைக்கிறார்கள். அதை எடுத்து வறுமையோடு பொருத்திப் பார்த்து, 'ஆஹா, பலமான தொடர்பு' என்று எழுதினால், தான் ஒளித்து வைத்ததைத் தானே கண்டுபிடித்த கதைதான்.

ஏன் வாங்கவில்லை என்பதற்கு அவசரப்பட்டு காரணம் எழுதாதீர்கள். டெக்சாஸ் மெடிக்கெய்டை எல்லா ஏழைகளுக்கும் விரிவுபடுத்தவில்லை. பிள்ளை இல்லாத, ஊனமில்லாத, 65 வயதுக்குள் இருப்பவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொதுவாக அதில் சேர முடியாது. வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தையில் வாங்க மானியமும் பெரும்பாலும் கிடைக்காது.

ஏசிஎஸ் அட்டவணையில் 'குடியுரிமை இல்லாதவர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் ஆவணம் இல்லாமல் குடியேறியவர் என்று மொழிபெயர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஏசிஎஸ் விசா நிலையைக் கேட்பதே இல்லை. டல்லாஸ் பக்கத்து பிளேனோவிலும் ஃபிரிஸ்கோவிலும் எச்-1பி விசாவில், கம்பெனி இன்சூரன்ஸோடு இருக்கும் நம்மூர்க்காரர்களும் அதே கட்டத்தில்தான் விழுகிறார்கள்.