கூபர் பீடியில் சூடேறிய கார்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து, போர்ட் அகஸ்டாவுக்குப் பின் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து, சுமார் 850 கிலோமீட்டர் வந்துவிட்டோம். பாலைவன ஊரான கூபர் பீடி நெருங்கும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டேன். முள் கொஞ்சம் இறங்கியது. மெதுவாக ஓட்டி ஊருக்குள் வந்து நிறுத்தினேன்.

சூட்டோடு, என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. மனைவியும் மகளும் தரைக்கடியில் குடைந்த விடுதி அறைக்குப் போனார்கள். வெளியே 40 டிகிரி கொதித்தாலும் உள்ளே 25 வாக்கில்தான் இருக்கும். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆறியபின் பார்த்தால் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவு சரியாகவே இருந்தது. அப்புறம்தான் கிரில் வழியாக டார்ச் அடித்தேன். ரேடியேட்டர் மேல் வெட்டுக்கிளிகளின் காய்ந்த இறக்கைகளும் செம்மண்ணும் அப்பிக்கிடந்தன. காற்று புக வழியே இல்லை. பழைய பல் பிரஷால், மெல்லிய தகடுகள் மடங்காமல், மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் ஊற்றினேன். முன்னாலிருந்து ஊற்றினால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். காசு போட்டுப் பிடித்த தண்ணீர், ஒரு சொட்டும் வீணாக்க மனமில்லை.

கிரில்லுக்கு முன் கொசுவலைத் துண்டு ஒன்றையும் கட்டினேன். மறுநாள் மார்லா வரை 230 கிலோமீட்டருக்கு மேல், முள் பாதியைத் தாண்டவில்லை.