சபாத் நாளில் ஈரத் துணி: இஸ்ரேலுக்கு வேலைக்குப் போவோருக்கு

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள், ஆசாரமான யூத வீடு என்றால் துணி விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள். யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சபாத், வெள்ளி மாலை தொடங்கி, சனிக்கிழமை இருட்டி நட்சத்திரங்கள் தெரியும்வரை நீடிக்கும். அன்று விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் துவைப்பதும் ஒன்று. பிழிவதும் கூடாது.

ஈரத் துணிதான் பெரிய சிக்கல். மழையில் நனைந்த சட்டையைப் போட்டபடியே இருக்கலாம்; கழற்றினால் வழக்கமான கொக்கியில் மாட்டலாம். ஆனால் கொடியில் விரித்துக் காயப்போடக் கூடாது. பார்ப்பவர்கள் சபாத்தில் துவைத்ததாக நினைத்துவிடுவார்களாம்! வெள்ளி பகலிலேயே கொடியில் போட்டது அப்படியே கிடக்கலாம். ஆனால் சபாத் தொடங்கும்போது அது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால், அப்புறம் காய்ந்தாலும் அன்று முழுக்க எடுக்கமாட்டார்கள். அதனால் சபாத்துக்கு உடுத்த வேண்டியதை வியாழக்கிழமையே துவைத்துவிடுங்கள். பழங்கால யூத மதத் தலைவர் எஸ்ரா செய்த ஏற்பாடு என்று யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத் சொல்வதும் இதைத்தான்.

பழைய மடிப்புத் தடத்திலேயே துணியை மடிப்பதைப் பலர் தவிர்ப்பார்கள்; கோணல்மாணலாக மடித்தால் சரி. கறை பட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள்.

'நாம் யூதர் இல்லையே, செய்து கொடுத்தால் என்ன?' என்று தோன்றும். அவர்களுக்காக நாம் செய்வதற்கும் பொதுவாகக் கட்டுப்பாடு உண்டு. நோயாளிக்குத் தேவை என்றால் சலுகை இருக்கிறது. எதுவரை என்பதை வெள்ளிக்கிழமையே வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.